டூக்கன்: அலகால் காடு வளர்க்கும் பறவை

வேனிற்காலத்து நண்பகலில், தில்லியிலோ கொல்கத்தாவிலோ மும்பையிலோ வீட்டுச் சாளரத்தின் அருகே அமர்ந்திருக்கும் நேயர்கள் ஓர் ஒலியைக் கேட்டிருப்பார்கள். கன்னான் ஒருவன் தொலைவில் அமர்ந்து செப்புக்குடத்தைச் சிறு சுத்தியால் தட்டுவது போல, 'டுக், டுக், டுக்' என்று அது இடைவிடாது ஒலிக்கும். அருகிலுள்ள அரசமரத்தையோ ஆலமரத்தையோ கூர்ந்து நோக்கினால், சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய, பச்சை உடலும் செம்மார்பும் உடைய பறவையொன்று தென்படும். அதன் பெயர் குக்குறுவான். ஊரைவிட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு, அங்கும் இங்கும் ஒரே குரலில் பேசும் பறவைகளுள் இதுவும் ஒன்று. இந்தக் குக்குறுவானுக்கு உலகின் மறுபுறத்திலே ஓர் உறவு உண்டு. அந்த உறவைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். அதுதான் டூக்கன்.

டூக்கனைப் படத்திலேனும் காணாதவர் சிலரே இருப்பர். குழந்தைகளின் படப்புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் அது அடிக்கடி தோன்றுகிறது. கரிய உடல், வெண்மையான கழுத்து, உடலுக்குச் சற்றும் ஒவ்வாதது போன்ற மாபெரும் அலகு. அவ்வலகைக் கண்டவுடன், நம்மவருட் பலர், 'இது நம் மலைக்காட்டு இருவாய்ச்சி அல்லவா?' என்று கேட்பதுண்டு. கேள்வி இயல்பானதே, ஆனால் விடை, 'அன்று' என்பதுதான். இருவாய்ச்சி ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரியது. டூக்கனோ மெக்சிகோவின் தென்பகுதி முதல் அர்ஜென்டினாவின் வடபகுதி வரை, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் காடுகளுக்கு மட்டுமே உரியது. குலத்தால் அது மரங்கொத்திக்கும் குக்குறுவானுக்கும் சுற்றம். அதன் காலைப் பார்த்தால் இது விளங்கும். மரங்கொத்திக்கு இருப்பது போலவே டூக்கனுக்கும் இரண்டு விரல்கள் முன்னோக்கியும் இரண்டு விரல்கள் பின்னோக்கியும் அமைந்திருக்கின்றன. குலத்தால் வேறுபட்ட இரு பறவைகள், ஒரே வகையான வாழ்க்கையை மேற்கொண்டதனால், தோற்றத்தால் ஒன்றுபோல் ஆயின. இருவரும் பெருங்காட்டில் வாழ்ந்து, மரத்துக்கு மரம் சென்று கனி தேடி உண்பவர்கள். தொழில் ஒன்றானால் கருவியும் ஒன்றாவது இயற்கைதானே?

'டூக்கன்' என்னும் பெயர் பிரேசில் நாட்டின் பழங்குடியினரான தூப்பி மக்களின் மொழியிலிருந்து வந்தது. டூக்கன் என்று ஒருமையில் நாம் கூறினாலும், அக்குடும்பத்தில் உள்ள பறவைகள் பலதிறத்தன. பிரித்தெண்ணும் முறைக்கேற்ப, 40 முதல் 50 வரை இனங்கள் உள்ளன என்பர். அவற்றுள் மிகப் பெரியது டோக்கோ டூக்கன். அலகு நுனி முதல் வால் நுனி வரை 60 சென்டிமீட்டர் அளவு நீண்டிருக்கும். அதில் அலகு மட்டுமே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். நல்ல ஆரஞ்சு நிறமும், நுனியிலே ஒரு கரும்புள்ளியும் கொண்டது அவ்வலகு. வானவில்லின் நிறங்களைப் பூசியது போன்ற அலகுடைய இனமொன்று மத்திய அமெரிக்காவிலே வாழ்கிறது. அரசாரி எனப்படும் மெலிந்த உடலின கூட்டங்கூட்டமாய்த் திரிவன. அவற்றுட் சிலவற்றின் எடை 150 கிராமைக்கூட எட்டுவதில்லை. பச்சை நிறமே மேலோங்கிய சிறிய டூக்கன்கள் உள்ளன. ஆணும் பெண்ணும் வெவ்வேறு நிறத்தில் தோன்றும் இனங்களும் உள்ளன. எஞ்சிய பெரும்பாலானவற்றில், ஆணையும் பெண்ணையும் நிறத்தால் பிரித்தறிதல் அரிது.

இவை வாழும் இடங்களும் ஒரு தன்மையன அல்ல. அமேசான் ஆற்றுப் படுகையின் தாழ்ந்த மழைக்காடுகளில் பல இனங்கள் ஒருங்கே வாழ்கின்றன. ஆண்டீஸ் மலைத்தொடரிலே, மேகம் தவழும் குளிர்ந்த காடுகளில், 3000 மீட்டர் உயரத்திலும் வாழும் மலை டூக்கன்கள் உண்டு. அவற்றின் மார்பு நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தது. இவற்றுக்கு மாறாக, டோக்கோ டூக்கன் அடர்ந்த காட்டை அவ்வளவாக விரும்புவதில்லை. பிரேசிலின் செராடோ என்னும் புல்வெளிக்காட்டிலும், பாண்டனால் என்னும் பெரும் சதுப்புநிலத்தின் மரத்தோப்புகளிலும் அது மகிழ்ந்து வாழ்கிறது. இவ்வாறு எங்கும் பரந்து வாழும் இனம் ஒருபுறமிருக்க, பெரு நாட்டில் ஆண்டீஸ் மலையின் ஒரு சிறு சரிவில் மட்டுமே வாழ்ந்து, அக்காடு அழிந்தால் தானும் அழிந்துபோகும் நிலையில் உள்ள இனமும் ஒன்று உண்டு.

இனி, அந்த அலகுக்கு வருவோம். ஐரோப்பியர் முதன்முதல் இதனைக் கண்டபோது, இயற்கையின் பிழை என்றே சிலர் எண்ணினர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு இயற்கை நூலாரான புஃபோன், இதனைப் பயனற்ற விகாரம் என்றே கருதினார். துணையைக் கவர்வதற்காக வளர்ந்த அணிகலனாக இருக்கலாம் என்று டார்வின் 1871ஆம் ஆண்டில் கருத்துத் தெரிவித்தார். இவ்வளவு பெரிய சுமையைத் தாங்கிக்கொண்டு பறவை எவ்வாறு பறக்கும் என்பதே பலரையும் மலைக்க வைத்த வினா.

உண்மை யாதெனில், அது சுமையே அன்று. கலிபோர்னியாவைச் சேர்ந்த மார்க் மையர்ஸ் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2005ஆம் ஆண்டில் டூக்கனின் அலகை ஆராய்ந்து வெளியிட்டனர். உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கான அலகு, உடல் எடையில் இருபதில் ஒரு பங்கே என்று அவர்கள் கண்டனர். அலகின் மேல்தோடு, நம் நகத்தில் உள்ள கெராட்டின் என்னும் பொருளால் ஆனது. மெல்லிய சிறு தகடுகள், கூரையில் ஓடு வேய்ந்தாற்போல, ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. உள்ளேயோ, நுண்ணிய எலும்பு இழைகளும் அவற்றுக்கிடையே காற்றறைகளும் கொண்ட, உறைந்த நுரை போன்ற அமைப்பு. நடுப்பகுதி வெற்றிடம். ஆகவே அது கனமற்றது. ஆயினும் எளிதில் வளையாதது. தச்சரும் பொறியாளரும் வியக்கத்தக்க வேலைப்பாடு அது.

அலகின் முதற்பயன் உணவு எடுப்பது. பழங்கள் பெரும்பாலும் மெல்லிய கிளைகளின் நுனியிலே தொங்குகின்றன. கனத்த பறவை அங்கே சென்று அமர்ந்தால் கிளை தாங்காது. டூக்கனோ, தடித்த கிளையிலே நிலையாக அமர்ந்துகொண்டு, நீண்ட அலகை நீட்டிப் பழத்தைக் கவ்விக்கொள்கிறது. பிறகு தலையைப் பின்னோக்கிச் சாய்த்து, அலகு நுனியில் உள்ள பழத்தை மேலே எறிந்து தொண்டையிலே விழச் செய்கிறது. அதன் நாக்கும் விசித்திரமானது. நீண்டு, மெலிந்து, ஓரங்களில் இறகின் தூவிபோல் பிளவுபட்டிருக்கும்.

இரண்டாவது பயன் அண்மையிலே வெளிப்பட்டது. பறவைகளுக்கு வியர்வை இல்லை. வெப்ப நாட்டிலே உடற்சூட்டைத் தணித்துக்கொள்வது எவ்வாறு? கனடாவைச் சேர்ந்த டாட்டர்சால் என்பவரும், பிரேசில் நாட்டு அறிஞர் இருவரும், வெப்பத்தைக் காட்டும் அகச்சிவப்புக் கதிர்ப் படக்கருவியால் டோக்கோ டூக்கனை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். காற்றில் வெப்பம் ஏறும்போது பறவை தன் அலகினுள் இரத்த ஓட்டத்தை மிகுவிக்கிறது. அலகு சூடேறி அவ்வெப்பத்தைக் காற்றிலே விடுகிறது. குளிர்ந்தபோது இரத்த ஓட்டத்தைக் குறைத்துச் சூட்டைக் காத்துக்கொள்கிறது. ஓய்ந்திருக்கும்போது உடல் உண்டாக்கும் வெப்பத்தைப் போல் நான்கு மடங்கு வரை அலகின் வழியே வெளியேற்ற அதனால் இயலும். யானைக்குக் காது எப்படியோ, டூக்கனுக்கு அலகு அப்படி. உறங்கும்போது அது தலையைத் திருப்பி அலகை முதுகின் மேல் வைத்து, வாலை மடித்து மேலே போர்த்திக்கொண்டு, ஒரு பஞ்சுருண்டையாய் ஒடுங்கிவிடுகிறது. பகலில் வெப்பத்தைப் போக்கும் கருவியை இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளும் விந்தையைப் பாருங்கள்!

இந்த அலகை இழந்தால் பறவையின் கதி என்ன? 2015ஆம் ஆண்டில் கோஸ்டரிகா நாட்டிலே, மனிதர் கொடுமையால் மேலலகை இழந்த டூக்கன் ஒன்று மீட்கப்பட்டது. கிரேசியா என்று அதற்குப் பெயரிட்டனர். தானாக உண்ணவும் இறகைக் கோதவும் அது இடர்ப்பட்டது. நாட்டு மக்கள் மனமிரங்கிப் பொருள் திரட்டினர். முப்பரிமாண அச்சுக்கருவியால் செய்யப்பட்ட செயற்கை அலகு மறு ஆண்டு அதற்குப் பொருத்தப்பட்டது. விலங்குகளைத் துன்புறுத்துவோரைத் தண்டிக்கும் சட்டம் 2017ஆம் ஆண்டில் அந்நாட்டில் வலுப்பெற்றதற்கு இப்பறவையின் துயரமும் ஒரு காரணம்.

டூக்கனின் உணவிலே முதலிடம் பழத்துக்கே. ஆயினும் அது முற்றும் சைவம் அன்று. பூச்சிகளையும் பல்லி ஓணான்களையும் உண்ணும். பிற பறவைகளின் கூடுகளிலே முட்டைகளையும் குஞ்சுகளையும் கவர்ந்து தின்னும். குஞ்சு வளர்க்கும் பருவத்தில் இத்தகைய உணவு மிகுதியாகத் தேவைப்படுகிறது. தானோ மரப்பொந்திலே இரண்டு முதல் நான்கு வரை முட்டையிட்டு, ஆணும் பெண்ணுமாக அடைகாக்கிறது. இருவாய்ச்சியின் பெண் தன்னைப் பொந்துக்குள் அடைத்துக்கொள்வது போல இதில் இல்லை. தானே மரத்தைக் குடையும் வலிமை அவ்வலகுக்கு இல்லாமையால், உளுத்த மரத்தின் பொந்தையோ மரங்கொத்தி விட்டுச் சென்ற பொந்தையோ தேடிக் குடியேறுகிறது.

டூக்கன் பழத்தை உண்டு கொட்டையை என்ன செய்கிறது என்பதிலேதான் நாம் இன்று கூற வந்த பொருள் அடங்கியிருக்கிறது. பனாமா நாட்டுக் காடுகளிலே விரோலா என்றொரு மரம் உண்டு. அது நம் சமையலறையில் உள்ள ஜாதிக்காயின் குடும்பத்தைச் சேர்ந்தது. காய் முற்றி வெடித்ததும் உள்ளிருக்கும் கொட்டையைச் சூழ்ந்து, ஜாதிபத்திரி போலவே சிவந்த உறை தோன்றும். டூக்கன் அதைக் கொட்டையோடு விழுங்கி, உறையை மட்டும் செரித்துக்கொண்டு, கொட்டையைச் சிதைக்காமல் வாய்வழியே உமிழ்ந்துவிடுகிறது. 2011ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், டூக்கன்களின் முதுகிலே இருப்பிடங்காட்டும் சிறு கருவிகளைப் பொருத்திக் கணக்கிட்டனர். விழுங்கிய கொட்டை சராசரியாக அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக அதன் வயிற்றில் தங்குகிறது. அதற்குள் பறவை தாய்மரத்திலிருந்து சராசரியாக 144 மீட்டர் தொலைவு சென்றுவிடுகிறது.

இத்தொலைவு அற்பமென்று தோன்றலாம். விதைக்கோ அது வாழ்வா சாவா என்னும் தொலைவு. பனாமாக் கால்வாய்க்காக உண்டாக்கப்பட்ட ஏரியின் நடுவே உள்ள பாரோ கொலராடோ தீவில், ஹென்றி ஹவ் என்னும் அறிஞரும் உடனுழைப்பாளரும் இம்மரத்தை ஆராய்ந்து 1985ஆம் ஆண்டில் எழுதினர். தாய்மரத்தின் அடியிலேயே விழுந்த கொட்டைகள், கூன்வண்டுகளுக்கும் பிற உயிர்களுக்கும் இரையாகி, 12 வாரங்களுக்குள் ஏறத்தாழ முழுவதுமே அழிந்துபோயின. 45 மீட்டர் தள்ளி விழுந்தவற்றுக்கோ பிழைக்கும் வாய்ப்புப் பன்மடங்கு மிகுந்திருந்தது. தாய்மரத்தின் நிழல் விதைக்குப் பாதுகாப்பு அன்று. பகைவர் கூடுமிடமும் அதுவே.

இன்னும் வியப்பான செய்தி பாண்டனால் சதுப்புநிலத்திலிருந்து வருகிறது. அங்கே ஹயசிந்த் மக்காவ் என்னும் அருங்கிளி வாழ்கிறது. உலகிலே பறக்கும் கிளிகளுள் அதுவே மிக நீண்டது. நீலமணி போன்ற நிறத்தது. அப்பகுதியில் அது கூடு வைப்பது பெரும்பாலும் மாண்டுவி என்னும் ஒரே மரத்தின் பொந்தில். அக்கிளியின் முட்டைகளைக் கவர்வோருள் முதல்வன் டோக்கோ டூக்கன். அவ்வாறாயின் டூக்கனை ஒழித்துவிட்டால் கிளி பிழைக்குமன்றோ என்று நாம் எண்ணுவோம். ஆனால் பிரேசில் அறிஞர்கள் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலே கண்டது வேறு. மாண்டுவி மரத்தின் விதைகளுட் பெரும்பாலானவற்றைத் தொலைவுக்குக் கொண்டுசென்று பரப்புவதும் அதே டூக்கன்தான். கூட்டைக் கொள்ளையிடுபவனே வருங்காலக் கூட்டுக்கு மரம் நடுபவனாகவும் இருக்கிறான். ஓர் உயிரைத் தீயதென்றும் மற்றொன்றை நல்லதென்றும் நாம் பிரித்துத் தீர்ப்புக் கூறுமுன் சற்றே தயங்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

டூக்கன் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணெதிரே நேர்ந்திருக்கிறது. பிரேசிலின் கிழக்குக் கரையோரமாக ஒரு பெருங்காடு இருந்தது. அதனை அட்லாண்டிக் காடு என்பர். காப்பித் தோட்டங்களுக்காகவும் கரும்புக்காகவும் மேய்ச்சலுக்காகவும் அதன் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. துண்டுபட்டுப்போன சிறுகாடுகளில் டூக்கன் போன்ற பெரும்பறவைகள் வாழ இயலவில்லை. வேட்டையும் அவற்றைக் குறைத்தது. அக்காட்டிலே, நம் கமுகுபோல் மெலிந்து உயர்ந்த ஜுசாரா என்னும் பனையினம் உண்டு. மாவுரோ கலேட்டி என்னும் பிரேசில் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 22 இடங்களில் அதன் விதைகளை அளந்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். டூக்கன் முதலிய பெரும்பறவைகள் உள்ள காடுகளில் பெரிய விதைகளும் சிறிய விதைகளும் கலந்திருந்தன. அவை மறைந்த காடுகளிலோ 12 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விதைகளைக் காணவே இயலவில்லை. எஞ்சியிருந்த பூங்குருவி போன்ற சிறுபறவைகளின் வாய் அவ்வளவுதான் விரியும். அவை விழுங்க இயலாத பெரிய விதைகள் தாய்மரத்தடியிலேயே வீழ்ந்து மடிந்தன. சிறு விதையிடும் மரங்களே தலைமுறை தலைமுறையாய்ப் பெருகின. சிறிய விதை எளிதில் ஈரம் உலர்ந்துவிடும். மழை பொய்த்தால் முளைப்பது அரிது. ஒரு பறவை போனதனால் ஒரு மரத்தின் விதையே மாறிவிட்டது. இம்மாறுதல் பல்லாயிரம் ஆண்டுகளில் நேர்ந்ததன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்தில் நேர்ந்தது என்பதை எண்ணும்போது அச்சம் உண்டாகிறது.

எனினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. ரியோ டி ஜெனிரோ நகரை ஒட்டிய டிஜூக்கா மலைகள் காப்பித் தோட்டங்களுக்காக மொட்டையடிக்கப்பட்டு, நகரின் நீரூற்றுகள் வற்றத் தொடங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, 1860களில், அங்கே மரக்கன்றுகள் நட்டுக் காட்டை மீட்டனர். மரங்கள் வளர்ந்தன, பறவைகள் இல்லை. 1970களில் டூக்கன்களைக் கொண்டுவந்து அக்காட்டிலே விட்டனர். மரத்தை மனிதன் நடலாம். ஆயின் காட்டை நாடோறும் நட்டுக்கொண்டேயிருக்க வேறோர் ஆள் வேண்டும் என்பதை அந்நகரத்தார் உணர்ந்தனர்.

கடல்கடந்த காட்டுப் பறவையைப் பற்றி நாம் ஏன் இத்துணை அக்கறை கொள்ள வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். டூக்கன் அங்கே செய்யும் தொண்டை நம் நாட்டிலே இருவாய்ச்சி செய்கிறது. கேரளத்திலும் அருணாசலப் பிரதேசத்திலும் வாழும் நேயர்கள் நன்கறிவர். அவ்விரு மாநிலங்களுக்கும் பெரிய இருவாய்ச்சியே மாநிலப் பறவை. மேற்குத்தொடர்ச்சி மலையின் காட்டு ஜாதிக்காய் மரங்கள் தம் விதைகளை அதனிடமே ஒப்படைத்திருக்கின்றன. அருணாசலத்தின் நிஷி மக்கள் தம் தலைப்பாகையில் இருவாய்ச்சியின் அலகை அணிவது பழைய மரபு. பக்கே காட்டை ஒட்டிய ஊர்களிலே, உண்மையான அலகுக்கு மாற்றாகக் கண்ணாடி இழையால் செய்த அலகை அணியும் வழக்கம் பரவியிருக்கிறது. மரபையும் விடாமல் பறவையையும் கொல்லாமல் காக்கும் இவ்வழியை நாம் போற்ற வேண்டும்.

அத்துணைத் தொலைவும் செல்ல வேண்டியதில்லை. தொடக்கத்தில் நாம் கூறிய குக்குறுவானும், அரசம்பழத்தையும் ஆலம்பழத்தையும் உண்டு, அவற்றின் விதைகளை ஊரெங்கும் பரப்பும் பறவைதான். நம் குடியிருப்பின் மதிலிடுக்கிலே யாரும் நடாத அரசங்கன்று ஒன்று தலைநீட்டினால், அதன் பின்னே ஒரு பறவையின் பயணம் இருக்கிறது என்று கொள்ளலாம். தாய்மரத்தடியை விட்டு அகன்ற விதையே மரமாகிறது என்பதைப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நாம் எளிதில் உணர்ந்துகொள்வோம். அவ்விதை தானே நடந்து வரவில்லை. சுமந்து வந்து சேர்த்தவர் ஒருவர் உண்டு. அடுத்த முறை நண்பகலில் அந்தச் செப்புத் தட்டும் ஓசை கேட்கும்போது, குழந்தைகளை அழைத்து அப்பறவையைக் காட்டுங்கள். அதன் உறவுப் பறவை ஒன்று, பெரிய அலகைத் தாங்கி, அமேசான் கரையிலே ஒரு மரத்துக்கு இடம் தேடித் திரிகிறது என்றும் கூறுங்கள்.